இருபது ஜிபி மாமனார்

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகக் குளிக்கப் போகும் பெண்களில் இரண்டு வகை உண்டு. பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பவர்கள் ஒரு வகை. குளிக்காமலே இருந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. நான் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பின் பலனாகத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், நைட்டியோடும் ரப்பர் செருப்போடும், கையில் ஓர் எவர்சில்வர் தட்டை ஏந்தியபடி விமான நிலைய வாசலில் நின்றேன்.

என் வழி ரொம்ப எளிது. மகள் ஜோவைத் தூளியில் போட்டுவிட்டு எங்கே போனாலும், ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, அதை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் முதலில் வீடியோவைப் பார்ப்பேன், அப்புறம்தான் குழந்தையை. (குழந்தை எதிரிலேயே நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் நான் இல்லாதபோதும் நன்றாக இருந்ததா என்று தெரிய வேண்டாமா?) முழுவதையும் பார்க்க நேரம் ஏது? கடைசிக்கு ஓட்டி, தூளியில் குழந்தை இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு நிம்மதியடைவேன். அழிக்க மட்டும் மனம் வராது. போதாக்குறைக்கு, கேமராவை இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்திருந்தேன். பெற்ற பிள்ளையை மட்டமான தரத்தில் எடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஜோவுக்கு ஒரு வயது ஆவதற்குள் ஃபோன் நிரம்பிவிட்டது. நிரம்பியதோடு நிற்காமல், முதுகுப் பக்கம் லேசாக வீங்கவும் ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் வீடியோக்களால்தான் வீங்குகிறது என்று சில நாட்கள் உண்மையாகவே நம்பினேன். (எம்.எஸ்சி. படித்தவள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவதே நல்லது.) என் கணவர் டேனியல்தான், பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று கண்டுபிடித்துக் கடையில் காட்டிவிட்டு வந்தார்.

"எப்ப வேணா போய்டுமாம் ஷீபா. தொறந்தா உள்ள கீறது தங்குமான்னு தெரியாதாம். வேணுன்றத எடுத்து வெச்சுக்கோ."

எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசிப்பதிலேயே ஒரு மாதம் போய்விட்டது. அந்த மாதத்தில்தான் என் மாமனார் இறந்துபோனார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கல்பாக்கத்தில் குடியிருப்புகளுக்குத் தோட்ட வேலை பார்த்தவர். எங்களோடுதான் இருந்தார், ஆனால் எப்போது வீட்டுக்கு வருவார், எப்போது வெளியே போவார் என்பதே தெரியாது. மாமியார் சீக்கிரமே இறந்துவிட்டதால், டேனியலையும் அவர் தங்கை கிரேசியையும் தனியாளாக வளர்த்தார். அதிகம் பேசமாட்டார். கேமராவைப் பார்த்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நிற்பார். கிரேசி வளைகுடாவில் நர்ஸ். அவள் அங்கிருந்து கூப்பிட்டால், "சாப்ட்டியா? சரி, வெச்சிடு" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னால், பட்டனை அழுத்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "பேசிட்டேன்" என்பார்.

அடக்கத்துக்கு ஓடிவந்த கிரேசி, புதுப்பட்டினத்தில் எங்களோடு ஒரு மாதம் தங்கினாள். அந்த மாதம் முழுக்க அவள் தேடியது ஒன்றைத்தான். சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களைக்கூட வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மாமா இருந்தார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"ஃபோட்டோ எவ்ளோவோ கீது அண்ணி. அப்பா கொரலு ஒண்ணுகூட இல்லியே. மறந்துடுவனோன்னு பயமா கீது" என்றாள் ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அவள் திரும்பிப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை. வழியனுப்பும்போது எல்லோரையும் ஒரு படம் எடுக்கவாவது ஃபோனில் இடம் வேண்டும் என்று, ஜோ தூங்கும் வீடியோ ஒன்றைத் திறந்தேன். அழிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்ற என் வழக்கமான சந்தேகம். தூளி தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு கை வந்து தூளியைப் பிடித்து ஆட்டியது. கூடவே குரல்.

"இன்னாடி குட்டி, முழிச்சிகினியா? உங்கம்மா குளிச்சிகினு கீறா. தாத்தா கீறேன்ல, அப்புறம் இன்னா?"

நான் கத்திய கத்தலில் டேனியல் பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு? கொழந்த வுழுந்துட்டாளா?"

கிரேசி பெட்டியை மூடுவதை விட்டுவிட்டு வந்தாள். ஃபோனை நீட்டினேன். கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் மாமா, கேமரா இருப்பதே தெரியாமல், இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட செய்தியைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அழுதுகொண்டிருந்தவளின் கையிலிருந்து நான் ஃபோனைப் பிடுங்கினேன்.

"போதும் கிரேசி! ஃபோன் செத்துடும். மொதல்ல காப்பி எடுத்துடலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

உலகத்தில் எந்த அண்ணியும் நாத்தனாரிடம் இப்படி நடந்துகொண்டிருக்க மாட்டாள். ஆனால் என் கவலை எனக்கு. மாமாவின் குரல் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் வீங்கியிருந்தது.

அந்த வீடியோவின் அளவைப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது ஜிபி. அன்று நான் குளித்து, துணி துவைத்து, காயப்போட்டுவிட்டு வரும்வரை அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வாட்ஸ்அப் அதை வாங்கவே மறுத்தது. முதல் கொஞ்சத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்றால், வெட்டிய துண்டை வைக்க இடமில்லை என்றது ஃபோன். மற்ற வீடியோக்களை அழித்து இடம் பண்ணலாம்தான். ஆனால் இதில் மாமா இருப்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே. அழிக்கிற ஒவ்வொன்றிலும் இன்னொரு மாமா இருந்துவிட்டால்?

டேனியல் மேசை டிராயரைக் குடைந்து ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு ஜிபி, சுத்தமாகக் காலி. போட்டோம். "இந்தக் கோப்பு மிகப் பெரியது" என்றது. காலியாக இருக்கும் வீட்டைக் காட்டிவிட்டு, உங்கள் குடும்பத்துக்கு இது போதாது என்று சொல்லும் வீட்டுக்காரர் மாதிரி. கார்டை ஃபார்மட் செய்திருக்கும் முறையில், நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏற்றமுடியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், இடம் இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்கிறது என்பது மட்டுமே. பென் டிரைவும் அதே பதிலைச் சொன்னது. ஞாயிறு என்பதால் கடைத்தெருவில் மொபைல் கடைகள் மூடிக்கிடந்தன. இணையத்தில் ஏற்றலாம் என்றால், எங்கள் தெரு சிக்னலுக்கு அது ஏறி முடிய ஜோ பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

கடைசியில் கிரேசிதான் சொன்னாள். "அண்ணி, என் ஃபோன் புதுசு. எடம் நெறைய கீது. ஃபோன்லேர்ந்து ஃபோனுக்கே அனுப்புங்க."

அனுப்ப ஆரம்பித்தேன். "இரண்டு சாதனங்களையும் அருகருகே வைத்திருக்கவும்" என்று திரையில் வந்தது. நான் சொன்னதைக் கேட்டு நடப்பவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஓர் எவர்சில்வர் தட்டில் துண்டை மடித்துப் போட்டு, இரண்டு ஃபோன்களையும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுக்கவைத்தேன். என் ஃபோனைச் சார்ஜரில் செருகி, தட்டை முன் அறை ஸ்டூலின்மேல் வைத்தேன். மூன்று சதவீதம். மீதி நேரம் பதினொரு நிமிடம் என்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நான்கு சதவீதம், மீதி நேரம் மூன்று மணி.

இதற்குள் சர்ச்சில் ஆராதனை முடிந்து, வழியனுப்பு ஜெபத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வீடுகளில் வெளிநாடு போகிறவர்களை ஜெபம் பண்ணாமல் அனுப்பமாட்டார்கள். ஜெபம் பண்ணுகிறவர் டேனியலின் சித்தப்பா. அவர் ஜெபத்துக்கு எழுந்தால், அடுப்பிலிருக்கும் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் நாங்கள் கண்ணை மூடுவோம். அவ்வளவு நீளம். விமான நிலையத்துக்கும் கூடவே வருவதாகச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையில், சென்ட் மணக்க வந்திருந்தார்.

நான் இன்னும் குளிக்கவில்லை. நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டு, அதன் மீதியால் தலையையும் மூடிக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஜோவோடு நின்றேன். ஒன்பது சதவீதம். சித்தப்பா தொண்டையைச் செருமினார். இவர் முடிப்பதற்குள் நாற்பது சதவீதமாவது வந்துவிடும் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

"பொண்ணுக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, அதனால சுருக்கமா முடிச்சிடலாம்" என்றார் சித்தப்பா. முடித்தும்விட்டார். நான் கண்ணைத் திறந்தபோது பதினொரு சதவீதம்.

என் வாயிலிருந்து வார்த்தைகள் தாமாகவே வந்தன. "சித்தப்பா... இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்களேன்."

அவருடைய வாழ்நாளில் இந்த வேண்டுகோளை யாரும் அவரிடம் வைத்ததில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் எல்லோரையும் பார்த்து. "நேத்து வந்த பொண்ணு. இன்னா ஒரு தாகம் பாரு!"

"பைபிள்ல ஒரு சங்கீதமும் வாசிக்கலாம்" என்றேன். "இருக்கிறதுலயே நீளமா ஒண்ணு இருக்குமே, அதை."

டேனியல் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. கிரேசிக்குப் புரிந்துவிட்டது. "ஆமா சித்தப்பா, முழுசா வாசிங்க, வுடாம" என்றாள். சித்தப்பா விடவில்லை. வெளியே கார் டிரைவர் பாபு இரண்டு முறை ஹாரன் அடித்தார். பக்கத்து வீட்டு எலிசபெத் அம்மாள் நின்றபடியே தூங்கி, விழித்து, மறுபடி தூங்கினார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு. முப்பது.

நடுவில் கிரேசியின் ஃபோன் அடித்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து டேனியலின் அத்தை, வழியனுப்ப வரமுடியாததால் பேசக் கூப்பிடுகிறார். எடுத்தால் பரிமாற்றம் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி துண்டித்தேன். (அந்த அத்தை இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. பேச முயற்சி செய்தேன். துண்டித்துவிட்டார்.)

வாசிப்பு முடிந்ததும், விழித்துக்கொண்ட எலிசபெத் அம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தார். துண்டு விரித்த தட்டு கண்ணில் பட்டது. ஜெபம் முடிந்திருக்கிறது, எதிரே தட்டு இருக்கிறது. அவர் என்ன நினைப்பார்? இடுப்பிலிருந்து பத்து ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டார். பின்னால் இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். ரூபாய்த் தாள்கள் இரண்டு திரைகளையும் மூடின. குனிந்து ஊதிப்பார்த்தேன், போகவில்லை. அதற்குள் சித்தப்பா, வழக்கமான பழக்கத்தில், காணிக்கைக்காக ஜெபிக்கத் தட்டை இரண்டு கைகளாலும் உயரத் தூக்கினார்.

சார்ஜர் வயர் விறைத்தது. பிளக் சுவரிலிருந்து பட்டென்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

"சித்தப்பா, அப்பாவைக் கீழ வைங்க!" என்று கத்தினாள் கிரேசி.

அப்புறம் நடந்தது ஒரு நர்ஸின் வேலை. கிரேசி தன் பவர் பேங்கை எடுத்து என் ஃபோனில் செருகினாள். வயர் ஆடினால் கழன்றது, அதனால் ரப்பர் பேண்டுகளால் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். "பேஷண்ட்ட ஆட்டாம ஷிஃப்ட் பண்ணணும் அண்ணி. நீங்க தட்டப் பிடிங்க. குலுக்காதீங்க." நான் தட்டோடு காரை நோக்கி நடந்தேன். வண்டிக்குள் தட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் தட்டை யார் பிடிப்பது? கிரேசிக்குக் கையில் பாஸ்போர்ட்டும் பையும். டேனியல் ஸ்பீடு பிரேக்கரில்கூடத் தூங்கும் மனிதர். நான் ஏறி உட்கார்ந்தேன். பால் குடிக்கிற பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போவது? ஜோவையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். அது சித்தப்பாவின் இடம். அவர் சென்ட் வாசனையோடு வாசலிலேயே நின்றார்.

"மாமல்லபுரத்துல எறங்கி பஸ்ல வந்துடறேன்" என்று அவரிடம் சொன்னேன்.

மாமல்லபுரம் வந்தது. நாற்பத்து நான்கு.

"அக்கா, எறங்கறேன்னீங்களே?" என்றார் பாபு.

"கோவளத்துல எறங்கிக்கறேன்."

கோவளத்தில் ஐம்பத்தேழு. முட்டுக்காட்டில், படகில் போக வந்த கூட்டம் சாலையை மறித்து நின்றபோது அறுபத்து மூன்று.

"இன்னாக்கா, மெட்ராஸே வந்துடும் போல கீதே. வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" பாபு கண்ணாடியில் என் நைட்டியைப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

"வூடே இதோ வண்டியிலதான் கீது, ஓட்டுப்பா" என்றார் டேனியல்.

ஒவ்வொரு பள்ளத்திலும் நானும் கிரேசியும் சேர்ந்து தட்டைத் தூக்கினோம். அவள் இடையிடையே என் ஃபோனின் முதுகைத் தொட்டுப்பார்த்து, "சூடு கொஞ்சம் கீது, பரவால்ல" என்றாள். அதைத் தவிர வழியெல்லாம் பேசவில்லை. சதவீதம் ஏறும்போது அவள் கை என் முழங்காலை அழுத்தும். நின்றுவிட்டால், அழுத்தியபடியே இருக்கும். அந்த அழுத்தத்தில்தான் அவள் எவ்வளவு பயந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இது அறுந்தால் இன்னொரு முறை ஆரம்பிக்க நேரமும் கிடையாது, அதைத் தாங்க ஃபோனும் கிடையாது.

விமான நிலைய வாசலில் தொண்ணூறு. டேனியல் தள்ளுவண்டி எடுக்கப் போனார். நான் இடுப்பில் குழந்தையும், கையில் தட்டுமாக, கிரேசியை ஒட்டியபடியே நுழைவாயில் வரிசையில் நகர்ந்தேன். துப்பாக்கியோடு நின்ற காவலர் ஒருவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். அவர் கண்ணோடு சேர்ந்து நானும் முதல்முறையாக அதைப் பார்த்தேன். ஒரு வீங்கிய பெட்டி. அதோடு ரப்பர் பேண்டால் கட்டிய இன்னொரு பெட்டி. நடுவில் ஒரு வயர். மேலே ஏறிக்கொண்டே போகும் எண்கள்.

"தட்டுல என்னம்மா?"

எனக்கு அதிகாரிகள் யாரைப் பார்த்தாலும் நாக்கு உலர்ந்துவிடும். பால் பூத்தில் கார்டு கேட்டால்கூடப் பதறுவேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"எங்க மாமனார் சார்."

அவர் ஓரடி பின்னால் போனார். நான் தெளிவாகச் சொல்லவில்லையோ என்று தோன்றியது.

"செத்துப்போய்ட்டார் சார். இப்பதான் தொண்ணூத்தொரு பர்சென்ட் வந்திருக்கார்."

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததை நான் முழுவதுமாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வரிசை எங்களைச் சுற்றி வட்டமாக விலகியது. இன்னும் இரண்டு காவலர்கள் வந்தார்கள். எங்களை ஒரு தூணுக்குப் பக்கம் ஒதுக்கினார்கள். தள்ளுவண்டியோடு வந்த டேனியல், மனைவி, மகள், தங்கை மூவரையும் காவலர்கள் சூழ்ந்திருப்பதைப் பார்த்து, தள்ளுவண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிரேசி சிரித்துக்கொண்டிருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வழிய. அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "எங்க மாமனார் சார்... எங்க மாமனார் சார்..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

அவளே மூச்சைச் சரிசெய்துகொண்டு காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, வீடியோ, குரல், ஃபோன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை.

"அதெல்லாம் சரி. அந்த வயரை முதல்ல கழட்டுங்க. இதை இப்படிக் கட்டி வைக்கக் கூடாது."

"கழட்டினா போய்டுவார் சார்" என்றேன். அழுதுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

கிரேசி என் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "கழட்டலாம் அண்ணி. தாங்குவாரு." ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வயரை உருவினாள்.

எவ்வளவு ஏற்றினாலும் தங்காத என் ஃபோனில் ஆறு சதவீதம் சார்ஜ். அவள் ஃபோனில் தொண்ணூற்றாறு சதவீதம் வீடியோ. ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் விமான நிலையத் தரையில் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சப்பணமிட்டு உட்கார்ந்தோம். ஐந்து. தொண்ணூற்றேழு. மூன்று. தொண்ணூற்றெட்டு. ஜோ ஃபோனைப் பிடுங்கக் கை நீட்டினாள், டேனியல் தூக்கிக்கொண்டார். தொண்ணூற்றொன்பதில் அது நின்றது. இரண்டு. ஒன்று. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

என் ஃபோன் திரை கறுத்துவிட்டது.

கிரேசி தன் ஃபோனை மெதுவாக எடுத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற காவலர், கழுத்தை மட்டும் எங்கள் பக்கம் நீட்டியிருந்தார்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு சார்" என்றாள் கிரேசி.

"சரி, சரி. நேரமாகுது, உள்ள போங்க. அம்மா, அந்த வீங்கின ஃபோனை இங்கிருந்து எடுத்துட்டுப் போங்க முதல்ல."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஃபோனை நெஞ்சோடு பிடித்தபடி உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது, டேனியல் ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். முட்டுக்காடு தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"ஷீபா, காலையில உன் ஃபோன்ல அத ஓடவுட்டோம்ல? அப்ப பக்கத்துல என் ஃபோன வெச்சு கொரல ரெக்கார்ட் பண்ணியிருந்தா போதும்தான? ரெண்டு நிமிஷ வேல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாபு ரேடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார். புதுப்பட்டினம் வரும்வரை என்னை நானே எத்தனை விதமாகத் திட்டமுடியுமோ அத்தனை விதமாகத் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் டேனியலின் ஃபோனில் கிரேசி கூப்பிட்டாள். எடுத்ததும் நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன், டேனியல் சொன்ன யோசனையையும் சொன்னேன்.

"அண்ணி, நீங்க அந்த வீடியோவ முழுசா பாத்தீங்களா?"

"இல்லியே. ஏன், கெட்டுப்போச்சா?"

"ஃப்ளைட்ல உக்காந்து ஆசையா போட்டேன். அப்பா ரெண்டே நிமிஷந்தான் பேசுறாரு. நாய்க்குட்டி கத முடிஞ்சதும் தூளிக்குப் பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்துட்டாரு. அப்புறம் ஃபுல்லா கொறட்ட. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எழுந்து போறாரு."

சங்கீதம், காணிக்கை, அத்தையின் கோபம், சித்தப்பாவின் சீட், துப்பாக்கி, நைட்டி, எல்லாம் கண்முன் வந்தன. இருபது ஜிபி குறட்டைக்காகவா?

"கிரேசி, சாரிம்மா..."

"இன்னா சாரி அண்ணி? அம்மா போனப்புறம் எனக்குத் தனியா தூங்க பயம். நடுவுல முழிச்சா, பக்கத்து ரூம்ல இந்தச் சத்தம் கேக்குதான்னுதான் பாப்பேன். கேட்டா, அப்பா கீறாரு, ஒண்ணியும் இல்லன்னு திரும்பிப் படுத்துப்பேன். இத யாரு அண்ணி ரெக்கார்ட் பண்ணுவாங்க? கொரல கேட்டா அழுகதான் வருது. இதக் கேட்டா தூக்கம் வருது."

ஃபோனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. என் பழைய ஃபோன் அதற்கப்புறம் கண் விழிக்கவே இல்லை. சித்தப்பா எனக்குள் இருக்கும் தாகத்தைக் கண்டுபிடித்துவிட்டதால், வாரம் தவறாமல் வந்து, சுருக்காமல் ஜெபித்துவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் யார் கையில் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும், "உள்ள யாரு?" என்று கேட்பது டேனியலுக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் கிரேசி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அறைத்தோழி, ஒரு மலையாளிப் பெண், நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து பின்னால் படுக்கையில் விழுந்தாள். ஆரம்பத்தில், கிரேசி ராத்திரியில் ஓடவிடும் மாமாவின் குறட்டையைப் பொறுக்கமுடியாமல் வார்டனிடம் புகார் கொடுக்கப் போனவள் அவள்தான். கிரேசி எனக்கு டாட்டா காட்டிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பி, ஃபோனைப் பைக்குள் போடப் போனாள். போர்வைக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"கிரேசி... அப்பாவை இவிட வெச்சிட்டுப் போ மோளே. எனக்கு ஒறக்கம் வராது."